கேள்வி-பதில்: குடலுக்கு வயதானால் இம்யூனோதெரபி வேலை செய்யுமா?

அப்பாவுக்கு 72 வயது. நுரையீரல் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இம்யூனோதெரபி டிரிப்ஸ் ஏறுகிறது. "வயசானா குடல்ல நல்ல பாக்டீரியா குறைஞ்சிடும், மருந்து பிடிக்காது" என்று உறவினர் ஒருவர் புரோபயாடிக் கேப்ஸ்யூல் வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா?
- வாசகி, பெரம்பூர்

கேப்ஸ்யூல் வேண்டாம். உறவினர் சொன்னதில் முதல் பாதி சரி. வயது ஏற ஏற பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியா குறையும். நார்ச்சத்திலிருந்து பியூட்டிரேட் தயாரிக்கும் பாக்டீரியாக்களும் குறையும். குடல் உட்சுவர் செல்களுக்குச் சாப்பாடே அந்த பியூட்டிரேட்தான். அது போதாமல் சுவர் தளர்ந்தால், பாக்டீரியாத் துணுக்குகள் ரத்தத்தில் கசிந்து, உடம்பில் லேசான அழற்சி ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். இம்யூனோதெரபி நேராகப் புற்றைக் கொல்வதில்லை. நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களான டி செல்களின் பிரேக்கை எடுத்துவிடுகிறது. அந்த டி செல்களைப் பழக்குவதில் குடலுக்குப் பங்கு உண்டு. அதற்காக வயதானவருக்கு மருந்து பிடிக்காது என்பது தப்பு. 75 தாண்டியவர்களுக்கும் பலன் கிடைக்கிறது.

2021-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், இம்யூனோதெரபி எடுத்தபோது தினம் 20 கிராமாவது நார்ச்சத்து சாப்பிட்ட மெலனோமா நோயாளிகளுக்கு நோய் கூடுதல் காலம் கட்டுக்குள் இருந்தது. கடையில் வாங்கிய புரோபயாடிக் போட்டவர்களுக்கு அந்த லாபம் இல்லை; எலிகளில் சிகிச்சையையே மந்தமாக்கியது. மெலனோமா தோல் புற்று, அப்பாவுடையது வேறு. ஆனாலும் சுண்டல் சாப்பிடுவதில் நஷ்டமில்லையே!

நார்ச்சத்துக் கணக்கு இதுதான்: 50 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 5 கிராம், 40 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலையில் 10, நடுத்தரக் கொய்யா ஒன்றில் 8. வெள்ளை அரிசி 100 கிராமில் 3 கூடத் தேறாது. ஒரே நாளில் ஏற்றினால் வயிறு உப்பும். வாரத்துக்கு 5 கிராமாகக் கூட்டுங்கள், தண்ணீரையும் கூட்டுங்கள். குடல் அடைப்போ, வயிற்று ஆபரேஷனோ இருந்தவர் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கேப்ஸ்யூலை விட எனக்குக் கவலை, மெடிக்கல் ஷாப்பில் சளிக்குக் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக். இம்யூனோதெரபி தொடங்குவதற்கு முந்தைய ஒரு மாதத்தில் அதைச் சாப்பிட்டவர்களுக்குப் பலன் குறைவாக இருந்ததைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிஜமான தொற்று என்றால் சாப்பிட்டே ஆகவேண்டும். புற்றுநோய் டாக்டருக்குத் தெரிந்து சாப்பிடட்டும். வயிற்று அமிலத்தைக் குறைக்க வருடக்கணக்கில் போடும் 'கேஸ் மாத்திரை'யும் குடல் பாக்டீரியாவை மாற்றும்; அது இன்னமும் தேவைதானா என்றும் கேளுங்கள்.

அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது. பழைய சோறு குடலுக்கு நல்லதாமே?
- வாசகர், மயிலாப்பூர்

வெள்ளையணு இறங்கியிருக்கும் நாட்களில் வேண்டாம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சோறு வெந்தாலும் சாகாது. சென்னைப் புழுக்கத்தில் ராத்திரியோடு பெருகிவிடும். அது கக்கும் விஷம் சூடுபண்ணினாலும் போகாது. ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை ஏறியதும் டாக்டரைக் கேட்டுக் கொடுங்கள்.

இம்யூனோதெரபிக்குப் பிறகு பேதியானால் மாத்திரை போட்டு நிறுத்தலாமா?
- வாசகி, தாம்பரம்

கூடாது. ஒரு நாளில் வழக்கத்தை விட நான்கு தடவை அதிகமாகப் போனாலோ, ரத்தம் தெரிந்தாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். மருந்து உசுப்பிய டி செல்கள் குடலையே தாக்கும் அழற்சியாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு தேவைப்படும். பேதியை நிறுத்தும் மாத்திரை அந்த அழற்சியை மறைத்துவிடும்.