ஹாம் லைசென்ஸ், வாக்கி டாக்கி, புதுப்பித்தல்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

வயர்லெஸ் லைசென்ஸ் பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொன்னதும் நிறைய கேள்விகள் வந்துவிட்டன. மகிழ்ச்சி. நான் சென்னையில் பல வருடங்களாக ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காக வயர்லெஸில் பேசும் நிலையம், வைத்திருப்பவன். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லியும் கொடுக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பெரம்பூர், ஒரு தாயார்): என் மகளுக்கு 13 வயது. ஹாம் ரேடியோ பரீட்சை எழுதலாமா? எங்கே எழுத வேண்டும்?

தாராளமாக எழுதலாம் அம்மா. 12 வயது ஆகியிருந்தால் போதும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கீழ் டபிள்யூபிசி என்ற பிரிவு இருக்கிறது. வானலைக்கு அனுமதி தருவது அவர்கள்தான். விண்ணப்பம் 'சரள் சஞ்சார்' இணையதளத்தில். சென்னைக்காரர்களுக்குப் பரீட்சை நடத்துவது பெருங்குடியில் இருக்கும் சர்வதேசக் கண்காணிப்பு நிலையம்.

ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல் என்று இரண்டு நிலைகள் உண்டு. மகளுக்கு முதலில் ரெஸ்ட்ரிக்டட் போதும், அதில் மோர்ஸ், அதாவது புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை, கிடையாது. ரேடியோ தியரி ஒரு பகுதி, விதிமுறைகள் இன்னொரு பகுதி. ஒவ்வொன்றிலும் 40 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் எடுத்தால் பாஸ். தியரியைப் பிள்ளைகள் எப்படியோ படித்துவிடுகிறார்கள், விதிமுறையில்தான் கோட்டை விடுகிறார்கள். கியூ கோடுகள் என்னும் மூன்றெழுத்துச் சுருக்கங்களை இப்போதே வீட்டில் பேசிப் பழகச் சொல்லுங்கள். கியூடிஎச் என்றால் இருக்கும் இடம், கியூஆர்எம் என்றால் மற்ற நிலையங்களின் குறுக்கீடு. சாப்பாட்டு மேசையில் நான்கு நாள் புழங்கினால் பிறகு மறக்காது.

கேள்வி (குரோம்பேட்டை): ஜெனரலுக்கு மோர்ஸ் இன்னும் உண்டா சார்? 40 வயதுக்கு மேல் வருமா?

உண்டு. நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் அனுப்பவும் வேண்டும், வாங்கவும் வேண்டும். ஒரு வார்த்தைக்கு 5 எழுத்து என்று கணக்கு வைத்தால் ஓர் எழுத்துக்கு ஒன்றரை நொடி கிடைக்கிறது. வயது ஒரு தடையே இல்லை. புள்ளியையும் கோட்டையும் எண்ணுகிற பழக்கம்தான் தடை. தாளில் பார்த்துப் படிக்காதீர்கள், காதால் படியுங்கள். 'டி டா' என்று கேட்டதும் கை தானாக 'ஏ' எழுத வேண்டும். பரீட்சையில் ஓர் எழுத்து நழுவினால் அங்கே ஒரு கோடு போட்டுவிட்டு உடனே அடுத்ததற்குப் போய்விடுங்கள். விட்டதையே நினைத்துக்கொண்டிருந்தால் பின்னால் வரும் மூன்றும் போய்விடும். தினமும் 15 நிமிடம், மூன்று மாதம் உட்காருங்கள். வரும்.

கேள்வி (வேளச்சேரி, கல்லூரி மாணவர்): அண்ணா, பாஸ் ஆகிவிட்டேன், சான்றிதழும் வந்துவிட்டது. நண்பர் ஒருவர் பழைய செட் தருகிறார். பேசலாமா?

இன்னும் இல்லை தம்பி. சான்றிதழ் வேறு, லைசென்ஸ் வேறு. உனக்கு நிலையத்தை இயக்கத் தெரியும் என்று சொல்வது சான்றிதழ். நிலையம் வைத்துக்கொள்ள அனுமதி தருவது லைசென்ஸ். லைசென்ஸுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். 20 வருடத்துக்கு 1000 ரூபாய், ஆயுளுக்கு 2000 ரூபாய். உன் வயதுக்கு ஆயுள் லைசென்ஸையே எடுத்துவிடு. அதோடுதான் அழைப்புக்குறி, அதாவது வானலையில் உன்னை அடையாளம் காட்டும் குறி, வரும், ஜெனரலுக்கு வியு2, ரெஸ்ட்ரிக்டட்டுக்கு வியு3 என்று தொடங்கும். ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான், அவருடையது வியு2ஆர்ஜி. உன் குறி கைக்கு வரும்வரை லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள். எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கேட்டுக் கேட்டுத்தான் பிடிபடும்.

கேள்வி (தாம்பரம், ஓய்வுபெற்றவர்): என் லைசென்ஸ் முடியும் தேதி நெருங்குகிறது. முடிந்த பிறகு புதுப்பித்தால் போதாதா?

முடிவதற்குச் சில மாதங்கள் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள் ஐயா. பழைய லைசென்ஸ், சான்றிதழ், அடையாள அட்டை, புகைப்படம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சரள் சஞ்சாரில் கணக்குத் தொடங்கும்போது பெயரை லைசென்ஸில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து கொடுங்கள். இனிஷியல் ஓரிடத்தில் முன்னாலும் இன்னோரிடத்தில் விரித்தும் இருப்பதுதான் நம் ஊரில் பெரிய தலைவலி. பணம் பாரத்கோஷ் என்னும் அரசுக் கட்டண இணையதளம் வழியாகப் போகும், அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தேதி தாண்டிவிட்டால், புதுப்பித்து வரும்வரை ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. எனக்கே இது நடந்தது. என் லைசென்ஸ் முடிந்துபோனதை ஒரு நண்பர் கேட்டபோதுதான் பார்த்தேன். பீரோவில் இருந்த காகிதத்தை எடுத்து, தேதியைப் படித்து, அப்படியே நின்றுவிட்டேன். அன்றிலிருந்து மைக்கைத் தொடவில்லை. மழைக்காலம். காலையில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசும் 'நெட்'டில் நண்பர்கள் என் குறியைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், நான் பதில் சொல்ல முடியாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த வாரங்கள் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தன. தயவுசெய்து தேதியை இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

கேள்வி (வடபழனி, கல்யாண மண்டப மேலாளர்): சமையல்கட்டு, பார்க்கிங், மேடை மூன்றுக்கும் வாக்கி டாக்கி வாங்கினோம். லைசென்ஸ் வேண்டுமா?

எந்த அலைவரிசை என்பதைப் பொறுத்தது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் வேலை செய்யும் செட் என்றால் லைசென்ஸ் வேண்டாம். ஆனால் அந்த மாடலுக்கு ஈடிஏ என்னும் வகை ஒப்புதல் இருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு விற்பவர்கள் நிறைய பேர். அதனால்தான் 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளுக்கென்றே வாக்கி டாக்கி விற்பனை வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

ஒரு செட்டைக் கையில் எடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் உள்ளே ஒரு லேபிள் இருக்கும். மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே மாடலின் ஈடிஏ சான்றிதழ் நகலைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அதில் அலைவரிசையும் சக்தியும் எழுதியிருக்கும். லேபிளில் 136–174, 400–520 என்று அகலமாகப் போட்டிருந்தால் அது மண்டபத்துக்கு ஆகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த எல்லைக்குள் போலீஸும் கப்பலும் இன்னும் பலரும் பேசுகிறார்கள். உங்கள் பையன் "சாம்பார் அனுப்பு" என்று சொல்வது யார் காதில் விழும் என்று சொல்ல முடியாது. 'எனக்கு ஹாம் லைசென்ஸ் இருக்கிறதே' என்று ஊழியர் யாராவது சொன்னாலும் செல்லாது. ஹாம் அலைவரிசையில் வியாபார வேலை கூடவே கூடாது.

கேள்வி (அண்ணா நகர்): வீட்டு வைஃபை ரவுட்டருக்கு?

வேண்டாம். புளூடூத்துக்கும் வேண்டாம்.

கேள்வி (அம்பத்தூர், செக்யூரிட்டி நிறுவனம்): தொழிற்சாலைக் காவலுக்கு 20 செட் வைக்க வேண்டும். லைசென்ஸ் தேவைப்படாத செட் அவ்வளவு தூரம் எட்டவில்லை.

அப்படியானால் உங்கள் நிறுவனத்துக்கென்று தனி அலைவரிசை வாங்க வேண்டும். அதற்கும் டபிள்யூபிசிதான். தூரம், அலைவரிசையின் அகலம், செட்டுகளின் எண்ணிக்கை இதையெல்லாம் வைத்துக் கட்டணம் வரும். நிலையான ஆன்டெனா கம்பம் நட்டால் சாக்ஃபா என்னும் இட அனுமதியும் தேவை. கட்டணத் தேதியைக் கணக்காளர் ஒருவரின் ஞாபகத்தில் மட்டும் விடாதீர்கள், அவர் வேலை மாறினால் தேதியும் போய்விடும். கெட்டுப்போன செட்டைப் பழைய இரும்புக் கடையில் போடவும் வேண்டாம், அது லைசென்ஸ் கணக்கில் இருக்கிறது.

கேள்வி (நங்கநல்லூர்): வாடகை வீடு மாறுகிறேன். லைசென்ஸில் பழைய முகவரி இருக்கிறதே? புது வீட்டு மாடியில் ஆன்டெனா போடலாமா?

நிலையத்தின் முகவரி லைசென்ஸின் ஒரு பகுதி. அதை மாற்ற விண்ணப்பித்து, மாற்றிய லைசென்ஸ் வந்த பிறகே புது வீட்டிலிருந்து பேசுங்கள். மாடி விஷயம் வேறு. லைசென்ஸ் வானலைக்குத்தான், மொட்டை மாடிக்கு அல்ல. வீட்டுக்காரரோ குடியிருப்போர் சங்கமோ சம்மதிக்க வேண்டும். உங்கள் பகுதி மீனம்பாக்கத்துக்குப் பக்கம் என்பதால் கம்பத்தின் உயரத்துக்கு விமான நிலைய ஆணையத்தின் வரம்பையும் பார்த்துவிடுங்கள். டைபோல் என்னும் மெல்லிய கம்பி ஆன்டெனா ஒன்றை மாடிச் சுவரோடு கட்டினால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

கேள்வி (காசிமேடு): விசைப்படகு வாங்கினேன். அதில் வயர்லெஸ் செட் இருக்கிறது. பழைய ஓனர் பேரில் இருக்கும் லைசென்ஸ் போதுமா அண்ணே?

போதாது தம்பி. லைசென்ஸ் படகோடு தானாகக் கைமாறாது. உங்கள் பெயரில் எடுங்கள். எடுத்த பிறகும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சேனல் 16, அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும் மட்டும். கூப்பிட்டதும் வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும்.

கேள்வி (கிண்டி, பொறியியல் மாணவர்): யாரும் பேசாத அலைவரிசையில் இரண்டு நிமிடம் பேசினால் யாருக்கு என்ன நஷ்டம்? இத்தனை காகிதம் எதற்கு?

காசிமேட்டுத் தம்பிக்குச் சொன்னதையே எடுத்துக்கொள். படகு செட்டுகள் வேலை செய்யும் எஃப்எம் முறையில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ரிசீவர் வலுவான சிக்னலைத்தான் பிடிக்கும், வலுவில்லாதது அமுங்கிவிடும். கரையில் ஒருவன் விளையாட்டாக பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறான் என்று வை. பேட்டரி இறங்கிய செட்டோடு கடலில் தவிக்கிறவன் கூப்பிடுவது கரையில் யாருக்கும் கேட்காது. யாரும் பேசவில்லை என்று உனக்குத் தோன்றும், ஆனால் அங்கே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு. 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்ற ஹாம், தொலைபேசி செத்துப்போன அந்தமானிலிருந்து செய்தி அனுப்பினார். அன்று அந்த அலைவரிசையைக் காலியாக வைத்திருந்த மற்ற ஹாம்களும் அந்த உதவியில் பங்குபெற்றவர்கள்தான். வானலை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 1885, 1933 சட்டங்களுக்குப் பதிலாக வந்த 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில், அனுமதியில்லாமல் நெட்வொர்க் நடத்தினால் 3 வருடம் வரை சிறை உண்டு. ஆனால் நீ ஜெயிலுக்குப் பயந்து இதைச் செய்ய வேண்டாம். அந்தப் படகுக்காரனை நினைத்துச் செய்.

கேள்வி (மயிலாப்பூர்): தாத்தாவின் பெட்டியில் 'ரேடியோ லைசென்ஸ்' என்று ஒரு சிறு புத்தகம் கிடைத்தது. அவரும் ஹாமா?

இல்லைங்க. அந்தக் காலத்தில் வீட்டில் பாட்டு கேட்கிற ரேடியோவுக்கே லைசென்ஸ் வேண்டும். வருடா வருடம் தபால் நிலையத்தில் பணம் கட்டி ஸ்டாம்பு ஒட்டி வாங்குவார்கள். எண்பதுகளில் அதை எடுத்துவிட்டார்கள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள், ஸ்டாம்பு கிழிந்துவிடும். முத்திரையில் எந்தத் தபால் நிலையம் என்று தெரிந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.