குதிகால் வலியை விடுங்கள், வலது ஷூவைப் பத்திரப்படுத்துங்கள்

கேள்வி: பழைய பாணி லோ-டாப் கூடைப்பந்து ஷூ வாங்கினேன். ‘நாள் முழுக்க அணியலாம்’ என்று விளம்பரம். தினமும் வேலைக்குப் போட்டுப் போனேன். இரண்டே மாதத்தில் குதிகால் வலி, விரல் பக்கம் தோலில் சுருக்கம். இடது சோல் வாய் பிளந்துவிட்டது, பசை போட்டு ஒட்டினேன். வலதிலும் லேசாக இடைவெளி தெரிகிறது. ‘விளையாடிக் கிழித்திருப்பீர்கள்’ என்று கடைக்காரர் கேலி செய்கிறார். கையெழுத்துப் போட்டால் வேறு ஜோடி தருவாராம். மன உளைச்சலுக்கு வழக்குப் போடலாமா?

பதில்: கேலியையும் மன உளைச்சலையும் ஓரமாக வையுங்கள். குதிகால் வலியையும்தான். நைக்கி நிறுவனத்தின் ‘டங்க்’ ஷூ 1985-ல் கல்லூரிக் கூடைப்பந்து அணிகளுக்காக வந்தது; இவ்வகை ஷூக்கள் பலவும் அந்தக் காலத்து வடிவம்தான். தட்டையான ரப்பர் சோல் இன்றைய ஓட்டக் காலணி போல மெத்தென்று இருக்காது. தோல் மடிகிற இடத்தில் சுருக்கமும் விழும். இவற்றை மனுவில் சேர்த்தால், ‘இவருக்கு ஷூ பிடிக்கவில்லை, அவ்வளவுதான்’ என்று எதிர்த்தரப்பு முடித்துவிடும்.

நிற்கக்கூடியது ஒன்றுதான்: தினசரி உபயோகத்துக்கென்று விற்ற பொருளின் சோல், வெறும் நடையிலேயே பிரிந்தது. விளம்பர வரியை இன்றே படமெடுத்து வையுங்கள், நாளை அது மாறியிருக்கலாம்.

என்னை உறுத்துவது அந்தப் பசைதான். முன்பு நான் வாதாடிய ஒரு கட்சிக்காரரும் இதையே செய்தார். விசாரணையில் ஷூவை விளிம்போடு திருப்பிக் காட்டினார்கள். வெள்ளையாகப் பசை உறைந்திருந்தது. தொழிற்சாலை ஒட்டியது விட்டுப்போனதா, இவரே பிய்த்தாரா என்று அதற்குப் பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. நல்ல வழக்கு அங்கேயே படுத்துவிட்டது.

உங்களுக்கு வலது ஷூ மிச்சமிருக்கிறது. இனி அதுதான் சாட்சி. அணியாதீர்கள், துவைக்காதீர்கள், விரலை விட்டு நோண்டாதீர்கள். லேபிளில் தயாரிப்புத் தேதி இருந்தால் அதையும் படமெடுங்கள். நடுச்சோல் பாலியூரித்தேன் என்ற நுரை பிளாஸ்டிக் என்றால், அணியாமல் பெட்டியில் கிடந்தாலே காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் சிதையும். பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்களா என்பது அந்தத் தேதியில் தெரியும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: ஒரு ஜோடி ஷூவுக்காக நுகர்வோர் நீதிமன்றப் படி ஏற வேண்டாம், சமரசத்துக்குப் போங்கள். ஆனால் அதே மாடலை வாங்காமல் பணமாகக் கேளுங்கள், உங்கள் குதிகால் மாறப்போவதில்லை. அவர்கள் மசியாமல் மாற்று ஜோடிதான் என்றால், நீட்டும் தாளில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரியைத் தேடுங்கள். ‘புதிய ஜோடியின் குறைபாடுகள் நீங்கலாக’ என்று அதில் எழுதி, கடைக்காரரும் கையெழுத்திட்ட பிறகு நீங்கள் போடுங்கள்.