பிரஜாவுரிமைப் பத்திரத்தை லேமினேட் செய்யலாமா?

கேள்வி: தாத்தாவின் தகரப் பெட்டியில் பிரஜாவுரிமைப் பத்திரம், தொழிற்சங்கச் சந்தா ரசீதுகள், ஒரு கண்ணாடிச் சட்டப் போட்டோ எல்லாம் இருக்கின்றன. சில தாள்களில் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. லேமினேட் செய்தால் பாதுகாப்பா? (வாசகி, தலவாக்கலை)

தயவுசெய்து செய்ய வேண்டாம். லேமினேட் சூட்டில் உருகும் பசை தாளின் இழைக்குள் இறங்கிவிடும். பிறகு தாளைச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியாது. உள்ளே இருக்கும் ஈரமும் பூஞ்சணமும் அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். செலோடேப்பும் இதே கதைதான். சில வருடங்களில் மஞ்சள் கறை மட்டும் மிஞ்சும்.

பூஞ்சணம் பிடித்த தாள்களை முதலில் மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். மழையில்லாத ஒரு நாள் பார்த்து, நேர் வெயில் படாமல் இஸ்தோப்பில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்) காற்றாட விரித்து வையுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் பூஞ்சணம் தாளோடு தேய்ந்து கறையாகிவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளியில் வைத்து மெல்லிய பெயின்ட் தூரிகையால் தட்டிவிடுங்கள். துருப்பிடித்த குண்டூசியை இழுக்கக் கூடாது, தாள் கிழியும். கிளிப் கம்பியாக (ஸ்டேப்ளர் பின்) இருந்தால் பின்பக்கக் கால்களை நிமிர்த்திவிட்டு மெதுவாகக் கழற்றலாம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோவை உரிக்கப் பார்க்காதீர்கள். கண்ணாடியோடு சேர்த்தே படம் எடுங்கள்.

ரசீதுகளை அளவு பார்த்தோ அழகு பார்த்தோ மாற்றி அடுக்க வேண்டாம். தாத்தா கட்டி வைத்த கட்டு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். எந்தச் சங்கத்துக்கு எந்த மாதம்வரை சந்தா கட்டினார், எப்போது வேறு சங்கத்துக்கு மாறினார் என்பதையெல்லாம் அந்த அடுக்கே காட்டும். உள்ளூர் அரசியலுக்கு இதைவிட நேரான சாட்சி கிடைப்பது அரிது.

தாள்களை வெள்ளை ஏ4 தாளில் உறை செய்து வையுங்கள். பத்திரிகைத் தாள் வேண்டாம். குறிப்பு எழுத 2பி பென்சில் மட்டும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, நிலத்தில் படாமல், வெளிச்சுவரை ஒட்டாமல், குசினிப் புகை எட்டாத இடத்தில் வையுங்கள். அந்துருண்டை போடாதீர்கள்.

ஸ்கேன் செய்வதானால் தாளுக்கு 300 டிபிஐ, போட்டோவுக்கு 600. ஏ4 தாள் ஒன்று கலரில், டிஃப் கோப்பாக 25 எம்பி அளவு வரும். முத்திரையும் கையெழுத்தும் பின்பக்கத்திலும் இருக்கலாம், ஆகவே இரு பக்கமும் எடுங்கள். மலையக மக்களின் பிரஜாவுரிமையையும் வாக்குரிமையையும் பறித்த 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமும் இந்தத் தாளுக்காக எவ்வளவு அலைந்தது என்பது உங்கள் வீட்டுக்குத் தெரியும். மூலப் பத்திரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், பிரதி மட்டும் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வாசிகசாலை இளைஞர்கள் தோட்டத்துப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்கிறோம். எதைக் கேட்டாலும் "அந்தக் காலம் ரொம்பக் கஷ்டம்" என்பதோடு நின்றுவிடுகிறார்கள். (பண்டாரவளை)

பெரும்பாலும் கேள்வியில்தான் கோளாறு. "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். வேலையிலிருந்து தொடங்குங்கள். பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்கு? பேர் (நாள் வேலைக் கணக்கு) போட்டது யார்? அரைப்பேர் (அரைநாள் கணக்கு) எப்போது விழும்? கொழுந்து நிறுத்தபோது தராசைப் பார்க்க விட்டார்களா? பிள்ளைக்காம்பராவில் (குழந்தைகள் காப்பகத்தில்) பிள்ளையை யார் பார்த்தார்? இப்படிக் கேட்டால் கை காட்டிப் பேச ஆரம்பிப்பார்கள்.

வருடம் கேட்டால் தடுமாறுவார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்வோடு கட்டிக் கேளுங்கள்: மலையக மக்களை இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டுக்கொண்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு முன்பா பின்பா, எழுபதுகளின் பஞ்சத்திலா, 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தபோதா, 1983 வன்முறைக்குப் பிறகா? முல்லோயாத் தோட்டத்தில் 1940இல் தொழிலாளி கோவிந்தன் சுடப்பட்டதையும், டெவன் தோட்டத்தில் 1977இல் சிவனு லெட்சுமணன் சுடப்பட்டதையும் ஒருவர் மாற்றிச் சொன்னால் பேச்சை வெட்டித் திருத்தாதீர்கள். குறிப்பில் தனியாக எழுதி வைத்து, கடைசியில் மெதுவாக மறுபடி கேளுங்கள்.

அரசியலுக்கு வரும்போது கட்சிப் பெயரை முதலில் எடுக்க வேண்டாம். தோட்டத் தலைவரை (தோட்டத்தில் சங்கத்தின் தலைவர்) எப்படித் தெரிந்தெடுத்தார்கள், மாதர் சங்கத் தலைவி கூட்டத்தில் பேசினாரா, துரைக்கு (தோட்ட மேலாளருக்கு) மனு எழுதிக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ரோடு போட்டது தோட்டமா, சங்கமா, பாராளுமன்ற உறுப்பினர் நிதியா? இந்தக் கேள்வி மிக முக்கியம். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபைப் பணம் செலவாகத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதற்கு முன் போட்ட ஒவ்வொரு ரோட்டுக்கும் குழாய்க்கும் பின்னால் யாரோ எவரிடமோ போய் நின்றிருக்கிறார்கள். அதைப் பெரும்பாலும் எவரும் எழுதி வைக்கவில்லை.

பெண்களைத் தனியாகக் கேளுங்கள். வீட்டுக்காரரோ மகனோ பக்கத்தில் இருந்தால் பதில் அவரிடமிருந்துதான் வரும். லயத்துக் காம்பராச் சுவர் மெல்லியது, அடுத்த வீட்டுக்கும் கேட்கும் என்பதை அவர்கள் மறக்க மாட்டார்கள். பாடசாலை அறையோ கோயில் மண்டபமோ நல்லது.

போனை விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துவாயின் மேல், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்றால் ஒரு மணிநேரத்துக்கு 520 எம்பி அளவு பிடிக்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு போச்சு. ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, ஆனால் காற்று அடிக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு, மைக்குக்குப் பஞ்சுறை போடுங்கள். தொடங்கியதும் திகதி, தோட்டம், டிவிஷன் (தோட்டப் பிரிவு), பேசுபவர், கேட்பவர் ஆகியவற்றைக் குரலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணிநேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள், வயதானவர்கள் களைத்துவிடுவார்கள்.

கேள்வி: ஓர் அம்மா சங்கச் சண்டை பற்றி எல்லாம் சொல்லிவிட்டு, "எம் பேரப் போட்றாதீங்க" என்கிறார். பதிவை அழிக்க வேண்டுமா? (ஹட்டன்)

அவர் அழிக்கச் சொன்னாலொழிய அழிக்க வேண்டாம். சம்மதப் படிவத்தை அவருக்கு வாசித்துக் காட்டி, வழிகளைச் சொல்லுங்கள்: பெயரோடு வெளியிடலாம், பெயர் மறைக்கலாம், குறிப்பிட்ட வருடம்வரை பூட்டி வைக்கலாம், சில நிமிடங்களை மட்டும் மூடலாம். கையெழுத்துப் போடத் தெரியாதவரின் சம்மதத்தைக் குரலில் பதிவு செய்யலாம். பெயரை மறைத்தால் மட்டும் போதாது. தோட்டம், டிவிஷன், மகன் பார்க்கும் வேலை மூன்றையும் சொன்னால் ஊருக்கு ஆள் தெரிந்துவிடும். சாதி, 1983 வன்முறை, உயிரோடிருக்கும் தலைவர்கள் மீதான குற்றச்சாட்டு வரும் இடங்களில் இரட்டைக் கவனம் வேண்டும்.

கேள்வி: சேர்த்த பதிவுகளை எங்கே கொடுப்பது? (கம்பளை)

உங்கள் ஊர்ப் பக்கமே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. இணையத்தில் வைப்பதற்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்தை அணுகலாம். எங்கே கொடுத்தாலும் மூன்று பிரதி வேண்டும். இரண்டு வேறு வகைச் சாதனங்களில் இருக்கட்டும், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் போட்டோ சுருங்கிவிடும், அதைப் பிரதியாகக் கணக்கெடுக்காதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை ஹாட் டிஸ்க்கைத் திறந்து கோப்புகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள்.