பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் ஆகும், அம்மா அப்பாவை எந்த வழியில் அனுப்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். வான்வழித் தூரம் சுமார் 14,000 கி.மீ. எங்கும் நிற்காமல் பறந்தால் 16, 17 மணி நேரம். ஆனால் பெரியவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது நடுவில் எங்கே, எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைத்தான்.

இந்த இரண்டு ஊர்களும் பூமிப்பந்தில் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். அதனால் குறுக்குவழி வட துருவத்தை ஒட்டிப் போகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா அங்கிருந்து இங்கே பெங்களூருக்கு முதல் நேரடி விமானத்தை விட்டபோது, பெண் விமானிகள் மட்டுமே சேர்ந்து துருவம் வழியாக ஓட்டி வந்தார்கள். செய்தி பார்த்து எங்கள் அல்சூர் வீட்டில் எல்லோருக்கும் அவ்வளவு சந்தோஷம்.

துபாய் வழியாகப் போனால் மொத்தம் 15,700 கி.மீ. வரும். சிங்கப்பூர் வழி இன்னும் ஆயிரம் கூட. ஆயிரம் கி.மீ. என்பது வானத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். சிங்கப்பூர் வழியில், பசிபிக் மேலே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, போகும்போது பின்னாலிருந்து தள்ளிவிடும். திரும்பும்போது அதுவே எதிர்க்காற்று, பயணம் நீளும்.

டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை அப்படியே கழித்துப் பார்க்காதீர்கள், அது அந்தந்த ஊர் நேரம். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் 12.30 மணி வித்தியாசம், குளிர்காலத்தில் 13.30. உதாரணமாக, ஜூன் மாதத்தில் திங்கள் அதிகாலை 4 மணிக்கு இங்கே ஏறி, அங்கே அதே திங்கள் மதியம் 2 மணிக்கு இறங்கினால் பத்து மணி நேரம் போலத் தெரியும். உண்மையில் இருபத்திரண்டரை மணி நேரம். இதோடு ஹெப்பாள் நெரிசலைத் தாண்டி தேவனஹள்ளி விமான நிலையம் போய்ச் சேரும் நேரம், மூன்று மணி நேரம் முன்னாலேயே டெர்மினல் 2-இல் இருக்க வேண்டியது, அங்கே இறங்கிய பிறகு இமிக்ரேஷன் வரிசை எல்லாம் தனி.

பெரியவர்கள் தனியாகப் போகிறார்கள் என்றால் ஒரே டிக்கெட்டில் ஒரு இடத்தில் மட்டும் மாறுகிற மாதிரி எடுங்கள். நடுவில் மூன்று, நான்கு மணி நேரம் இருக்கட்டும். ஒன்றரை மணி நேரத்தில் அடுத்த கேட்டைத் தேடி ஓடுவது அவர்களால் ஆகாது. நியூயார்க் மாதிரி அமெரிக்காவுக்குள்ளேயே மாறுகிற டிக்கெட் வேண்டாம். பெரும்பாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிக்ரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். வீல்சேர் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். நடக்கத் தெம்பு இருந்தாலும் சொல்லுங்கள், கூடவே ஓர் ஆள் வருவார், அடுத்த கேட்டைத் தேடி அலைய வேண்டாம்.

அப்புறம், மாத்திரைகள் கைப்பையிலேயே இருக்கட்டும். அங்கே போன் செய்ய வேண்டிய எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதி அம்மா கையிலேயே கொடுத்துவிடுங்கள்.