லைசென்ஸ் உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கலாம்

கேள்வி: கும்பகோணத்தில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 2020-இல் விண்டோஸ் 10-உடன் வாங்கிய லேப்டாப் ஒன்று இருக்கிறது. அது மெதுவானபோது சர்வீஸ் செய்தவர் ஃபார்மேட் அடித்து ‘புரோ’ போட்டுத் தந்தார். இன்னொன்று 2017-இல் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், ஏழாம் தலைமுறை ஐ3. அதில் ஆரம்பத்திலிருந்தே திருட்டு விண்டோஸ்தான். இரண்டையும் முறைப்படுத்த வேண்டும். கீ வாங்கிப் போட்டால் போதுமா? பக்க வடிவமைப்புக்கான பேஜ்மேக்கர் ஃபைல்களும் பாமினி தமிழ் எழுத்துருக்களும் போய்விடுமா?

பதில்: முதலில், எந்தக் கீயும் (விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் 25 எழுத்து லைசென்ஸ் எண்) வாங்கிவிடாதீர்கள். லேப்டாப்புக்கான விண்டோஸ் காசை நீங்கள் 2020-லேயே கட்டியாயிற்று.

விண்டோஸ் 8 வந்த 2012 முதல், விண்டோஸுடன் விற்கப்படும் பிராண்டட் லேப்டாப்புகளில் கீ அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருப்பதில்லை. கணினியைத் தொடங்கிவைக்கும், மதர்போர்டின் பயாஸ் சிப்பிலேயே எழுதப்பட்டு வருகிறது. எத்தனை முறை ஃபார்மேட் அடித்தாலும், எஸ்எஸ்டி மாற்றினாலும் அது அழியாது. மதர்போர்டையே மாற்றியிருந்தால்தான் சிக்கல். வீட்டு உபயோக லேப்டாப்புகளில் இந்தக் கீ பெரும்பாலும் ‘ஹோம்’ அல்லது ‘ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்’ பதிப்புக்கானது. உங்களிடம் இப்போது ஓடுவதோ புரோ. ஹோம் கீயைப் புரோவில் போட்டால் ஏற்காது. “ஒரிஜினல் கீ போட்டும் எடுக்கவில்லை” என்று பலர் புலம்புவதற்கு இந்தப் பதிப்புப் பொருத்தமின்மைதான் காரணம்.

மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ‘ஷோகீபிளஸ்’ செயலியைத் திறந்தால், ‘ஓஇஎம் கீ’ (தயாரிப்பாளர் பதித்த கீ) என்ற இடத்தில் 25 எழுத்துகளும் அது எந்தப் பதிப்புக்கானது என்பதும் தெரியும். அங்கே ஒன்றும் இல்லையென்றால் அது விண்டோஸ் இல்லாத ‘ஃப்ரீடாஸ்’ லேப்டாப்பாக விற்கப்பட்டிருக்கலாம். பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

இப்போது ஓடுவது எப்படிப்பட்டது என்று அறிய, செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்துக்குப் போங்கள். ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம்’ என்ற பொருளில் வாசகம் இருந்தால், அது கேஎம்எஸ் வகை. பெரிய அலுவலகங்கள் தங்கள் சொந்த சர்வரை வைத்து நூற்றுக்கணக்கான கணினிகளை ஆக்டிவேட் செய்யும் முறை அது. ஒவ்வொரு ஆக்டிவேஷனும் 180 நாளைக்குத்தான் செல்லும். ஏழு நாளுக்கு ஒரு முறை சர்வரைத் தொட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். உங்கள் கடையில் அப்படி ஒரு சர்வர் இல்லை. லைசென்ஸ் பூட்டை உடைக்கும் கிராக் செயலிதான் கணினிக்குள்ளேயே போலி சர்வராக நடிக்கிறது. ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ என்று காட்டினாலும் நிம்மதியாகிவிட வேண்டாம், அந்த வாசகத்தையும் வரவழைக்கும் கிராக்குகள் உண்டு. பயாஸில் உள்ள கீயும் கையிலுள்ள பில்லும்தான் நம்பக்கூடிய சாட்சி.

சரி, சரியான பதிப்பின் கீயைப் போட்டுவிட்டால் மட்டும் போதாதா? ஆக்டிவேஷன் சரியாகிவிடும். கணினி சரியாகாது. இவ்வகை கிராக்குகள் வேலை செய்வதற்காக விண்டோஸின் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் தங்களுக்கு விலக்கு எழுதிக்கொள்ளும். கணினி தொடங்கும்போதெல்லாம் ஓடும்படி வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் உட்கார்ந்துகொள்ளும். சில, மைக்ரோசாஃப்ட் சர்வர்களை எட்டவிடாமல் இணைய முகவரிகளைத் திசைதிருப்பும் ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திருத்தும். புதுக் கீ போட்டாலும் இவை அப்படியே இருக்கும். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ‘ஸ்டாப்’ வகை ரேன்சம்வேர் பரவிய முக்கிய வழி கிராக்குகளும் ஆக்டிவேட்டர்களும்தான். ‘லைட்’, ‘கோஸ்ட்’ என்ற பெயரில் சுற்றும் டிஸ்க்குகளில் அப்டேட்டையும் டிஃபெண்டரையும் வெட்டியே எறிந்திருப்பார்கள். அவற்றைப் பழுதுபார்க்கவே முடியாது. ஆகவே முழுக்கத் துடைத்துப் புதிதாகப் போடுவதே என் பரிந்துரை. ஒரு நாள் கடை வேலை போகும். அதற்கும் துணிந்துவிடுங்கள்.

துடைப்பதற்கு முன் பேக்கப். இதில் அவசரம் வேண்டாம். வாடிக்கையாளர் ஃபைல்கள், டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பவை, டாலி இருந்தால் அதன் டேட்டா ஃபோல்டர், பிரவுசர் புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போக வேண்டும். எழுத்துருக்கள் இரண்டு இடத்தில் இருக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள ஃபான்ட்ஸ் எல்லோருக்கும் தெரிந்தது. விண்டோஸ் 10 வந்த பிறகு எழுத்துரு மேல் இருமுறை தட்டி நிறுவியவை, உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற பாதையில் போய் உட்கார்ந்திருக்கக்கூடும். பாமினி, செந்தமிழ் எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைத்துத் துடைத்துவிட்டு, மறுநாள் கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் எழுத்தெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். இரண்டாவது இடத்தை மறப்பதன் விலை அது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இருந்தால் கவலை வேண்டாம். கையெழுத்து அந்த யூஎஸ்பிக்குள்தான் இருக்கிறது, டிரைவரை மட்டும் மறுபடி போட்டால் போதும். பழைய செட்டப் ஃபைல்கள், ‘கிராக்’ என்று பெயரிட்ட ஃபோல்டர்கள், போலிக் கீ தயாரிக்கும் கீஜென் எதையும் பேக்கப்பில் எடுக்காதீர்கள். வியாதியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோகிற வேலை அது.

அடுத்து 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ‘மீடியா கிரியேஷன் டூல்’ இறக்கி, அந்தப் பென்டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றுங்கள், அதிலுள்ளவை அழிந்துவிடும். முடிந்தால் வேறொரு சுத்தமான கணினியில் செய்யுங்கள். லேப்டாப் எட்டாம் தலைமுறை இன்டெல்லோ அதற்குப் பிந்தையதோ என்று பார்த்துக்கொள்ளுங்கள்; 2020 மாடல்கள் பெரும்பாலும் தேறிவிடும். பயாஸில் பூட் முறை (கணினி தொடங்கும் முறை) யூஇஎஃப்ஐ, செக்யூர் பூட் ஆன், டிபிஎம் (பாதுகாப்பு வசதி) ஆன் என்று இருக்க வேண்டும். டிபிஎம், இன்டெல் லேப்டாப்புகளில் ‘பிடிடி’ என்ற பெயரில் ஒளிந்திருக்கும்.

பென்டிரைவிலிருந்து பூட் செய்ய, ஆன் செய்ததும் எச்பியில் எஃப்9, டெல், லெனோவோவில் எஃப்12 அழுத்திப் பாருங்கள். பயாஸில் கீ இருந்தால் செட்டப் கீயும் கேட்காது, பதிப்பும் கேட்காது. தானே ஹோமைத் தேர்ந்துகொள்ளும். புரோ போய்விட்டதே என்று வருந்த ஒன்றுமில்லை. ரிமோட் டெஸ்க்டாப், டொமைன் போன்ற அலுவலக வசதிகள் டிடிபி கடைக்குத் தேவைப்படுவதில்லை.

எங்கே நிறுவ வேண்டும் என்று கேட்கும் திரைதான் ஆபத்தான இடம். பழைய விண்டோஸை லெகசி என்ற பழைய பூட் முறையில் போட்டிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய வடிவில் இருக்கும். யூஇஎஃப்ஐயில் பூட் செய்த செட்டப் அதில் நிறுவ மறுக்கும். எல்லாப் பார்ட்டிஷன்களையும் டெலீட் செய்தால் போதும், மறுப்பு நீங்கிவிடும். ஆனால் நம்மூரில் எல்லோரும் “டேட்டா டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது” என்று நம்புகிறார்கள். சி-யும் டி-யும் ஒரே டிஸ்க்கின் இரண்டு அறைகள் என்றால் இரண்டும் சேர்ந்தே போகும். டேட்டாவை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடி என்ற புது வடிவுக்கு மாற்றும் ‘எம்பிஆர்டூஜிபிடி’ என்ற கருவி விண்டோஸிலேயே உண்டு. ஆனால் டி, இ டிரைவ்கள் ஒரு பெரிய பார்ட்டிஷனுக்குள் உட்பிரிவாக, அதாவது லாஜிக்கல் பார்ட்டிஷனாகப் பிரிக்கப்பட்டிருந்தால் அது தோற்றுவிடும். அதனால்தான் டி டிரைவையும் வெளியே எடுத்து வையுங்கள் என்கிறேன்.

நிறுவும்போது இணையம் கேட்கும். வைஃபை டிரைவர் இல்லாமல் முழித்தால், ஆண்ட்ராய்டு போனை கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் (போனின் இணையத்தைப் பகிர்வது) போட்டுப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் டிஸ்க் தானாகவே குறியாக்கம் (என்கிரிப்ஷன்) ஆகிப் பூட்டிக்கொள்ளக்கூடும்; அப்படியானால் அதைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் அச்சடித்துப் பில்லோடு வையுங்கள்.

தட்டச்சைப் பொறுத்தவரை, தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது. பேஜ்மேக்கர் விஷயம் வேறு. 7.0 பதிப்பு 2001-இல் வந்தது. அதற்கு உங்களிடம் வாங்கிய சிடியும் சீரியல் எண்ணும் இருந்தால்தான் அது முறையானது. விண்டோஸை மட்டும் சுத்தமாக்கிவிட்டு, கிராக் செய்த பேஜ்மேக்கரையும் ஆஃபீஸையும் மறுபடி ஏற்றினால் செய்த வேலை வீண். ஆஃபீஸுக்குப் பதில் லிப்ரெஆஃபீஸ், பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ், இரண்டும் இலவசம். இரண்டிலும் பாமினி எழுத்துருக்கள் வேலை செய்யும், ஆனால் பேஜ்மேக்கர் ஃபைலைத் திருத்தி எடுக்க இவற்றை நம்ப முடியாது. பழைய வேலைகளைத் துடைப்பதற்கு முன்பே பிடிஎஃப் ஆக்கிக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டாப்புக்கு விடை வேறு. ஏழாம் தலைமுறை ஐ3-ஐ விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. ஆக, இந்தப் பெட்டிக்கு இன்று விண்டோஸ் கீ வாங்குவது பணத்தைக் காவிரியில் போடுவதுதான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள்: லைசென்ஸ் கட்டணம் இல்லை, பிரவுசரும் பிடிஎஃப் பிரின்ட்டும் நன்றாக ஓடும். போடுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, உங்கள் பிரின்டரும் ஸ்கேனரும் வேலை செய்கின்றனவா என்று சோதிக்கலாம். பிரின்டர் அடம்பிடித்தால், மதர்போர்டும் பிராசஸரும் மாற்றும்போது விண்டோஸ் 11 ரீடெயில் பதிப்பாக வாங்குங்கள். ரீடெயில் லைசென்ஸைப் பின்னாளில் வேறு கணினிக்கு மாற்றலாம். ஓஇஎம் அந்த மதர்போர்டோடே முடிந்துபோகும். ஜிஎஸ்டி பில் கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீகள் பெரும்பாலும் ஏதோ நிறுவனம் பல கணினிகளுக்குச் சேர்த்து வாங்கிய வால்யூம் கீயிலிருந்து கசிந்தவை. இன்று ஆக்டிவேட் ஆகும், கீ முடக்கப்படும் நாளில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ வாசகம் திரை மூலையில் திரும்பி வரும். மைக்ரோசாஃப்டைப் பொறுத்தவரை உங்களிடம் லைசென்ஸ் இருந்ததே இல்லை.

வியாபாரம் என்பதால் ஒன்று: 1957 பதிப்புரிமைச் (காபிரைட்) சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கணினி மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டில் சிறைத் தண்டனையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடமுண்டு. கடைக்கு அந்தச் சலுகை கிடையாது. லேப்டாப் பில், கீ வாங்கினால் அதன் பில் இரண்டையும் ஒரே கவரில் போட்டுக் கடையிலேயே வைத்திருங்கள்.