ஆசிரியர் குடியிருப்பும் வரலாறுதான்

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்ட பழைய பல்கலைக்கழகங்களில், ஆசிரியர்கள் குடியிருந்த வீடுகளையும் வரலாற்றுச் சின்னங்களாகப் பாதுகாக்க வேண்டும் என்கிறார்கள். முதன்மைக் கட்டடங்களைக் காப்பது நியாயம். பேராசிரியர் ஒருவர் குடும்பத்தோடு வாழ்ந்த வீட்டுக்கும் அதே மதிப்பைத் தருவது மிகையில்லையா?

பதில்: மிகையில்லை. அந்த வீடுகளில் நடந்ததும் கல்லூரியின் வேலைதான் என்பதே காரணம். 1964க்கு முன், கறுப்பின மக்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டு நிறுவப்பட்ட கல்லூரிகளை 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் தனி வகையாக அங்கீகரித்தது. இன்று அவை ஏறத்தாழ நூறு இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை 1865இல் உள்நாட்டுப் போர் முடிந்த பின்னர்த் தென் மாநிலங்களில் தோன்றியவை; அதே மாநிலங்களில்தான் இனவொதுக்கல் சட்டங்களும் வேரூன்றின. எத்தனை பட்டங்கள் பெற்றவராயினும், கறுப்பினப் பேராசிரியர் ஒருவர் ஊருக்குள் தாம் விரும்பிய தெருவில் வீடு வாங்கிவிட முடியாது. 1930களில் கூட்டரசின் வீட்டுக்கடன் அமைப்பே பல நகரங்களில் கறுப்பினக் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பு வண்ணமிட்டு, கடன் கொடுக்கத் தகாத பகுதிகளாகக் காட்டியது. ஆகவே வளாகத்துக்குள்ளும் அதையொட்டியும் கல்லூரி கட்டித் தந்த வீடுகளும், ஆசிரியர்கள் தாமே கட்டிக்கொண்ட வீடுகளும்தான் அவர்களுக்குப் புகலிடமாயின.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். வெளியூரிலிருந்து உரையாற்ற வரும் அறிஞருக்கோ பாடகருக்கோ ஊரிலுள்ள தங்கும் விடுதிகளில் அறை கொடுக்க மாட்டார்கள். உணவகத்தில் இடம் தர மாட்டார்கள். அவர் தங்கியதும் உண்டதும் பெரும்பாலும் ஆசிரியர் வீடுகளில்தான். மாலையில் அந்த வீட்டுக் கூடத்தில் மாணவர்கள் வந்து கூடினால், வகுப்பில் கேட்கத் தயங்கிய கேள்வியை அங்கே கேட்க முடியும். நாஷ்வில்லில் உள்ள ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் 1930களில் கவிஞர் ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் படைப்பிலக்கியப் பேராசிரியராக இருந்தார். அத்தகைய ஒருவர் நடந்துபோகும் தொலைவில் குடியிருப்பது ஓர் இளம் மாணவருக்கு எவ்வளவு பெரிய பேறு! அந்த அண்மையைப் பாடத்திட்டத்தில் எழுதிவைக்க முடியாது. வீடுகள் நின்றால்தான் அது எப்படி வாய்த்தது என்பது புரியும்.

யார் கட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அலபாமாவில் டஸ்கிகீ கல்வி நிலையம் 1881இல் தொடங்கியபோது அதற்கென்று சொந்தக் கட்டடம் கிடையாது. முதல்வர் புக்கர் டி. வாஷிங்டன், மாணவர்களைக் கொண்டே செங்கல் அறுக்கத் தீர்மானித்தார். முதல் மூன்று சூளைகளும் வீணாயின. கையில் பணம் தீர்ந்த நிலையில், தமது கடிகாரத்தை மாண்ட்கமரி நகரில் 15 டாலருக்கு அடகு வைத்து நான்காவது சூளையை மூட்டினார். அதில்தான் கல் ஒழுங்காக வெந்தது. 1899இல் எழுந்த அவருடைய வீடான ‘தி ஓக்ஸ்’, மாணவர்கள் இப்படிச் செய்த செங்கல்லாலும் அவர்களுடைய உழைப்பாலும் ஆனது. அதை வடிவமைத்த ராபர்ட் டெய்லர் அதே நிலையத்தின் ஆசிரியர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1892இல் பட்டம் பெற்ற முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர். ஆக, அந்த வீட்டின் சுவரே ஒரு பாடவேளையின் பயன். வளாகத்தையொட்டிய கிரீன்வுட் பகுதியில் மற்ற ஆசிரியர் குடும்பங்களும் வீடு கட்டிக் குடியேறின. எல்லோருக்கும் வீடு வாய்த்தது என்று கொள்ள வேண்டாம்: அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் பல ஆண்டுகள் அங்கே ஒரு மாணவர் விடுதியில்தான் வாழ்ந்தார்.

கேள்வி: முதல்வர்களின் மாளிகைகளைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. சாதாரண ஆசிரியர் ஒருவரின் வீடு அந்த அளவுக்கு முக்கியத்துவம் பெற்றதுண்டா?

பதில்: உண்டு. என்னைக் கேட்டால், டஸ்கிகீ வீட்டுக்கு இணையாக அதைத்தான் வைப்பேன். வர்ஜீனியா அரசுப் பல்கலைக்கழகத்தில் ஓவியத் துறையை நிறுவியவர் அமாசா லீ மெரிடித். கட்டடக் கலையை முறையாகப் பயிலும் வாய்ப்பு, கறுப்பினத்தவராகவும் பெண்ணாகவும் இருந்த அவருக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் 1939இல், பல்கலைக்கழகம் அமைந்துள்ள எட்ரிக்கில், தமக்கும் தம்மோடு இணைந்து வாழ்ந்த கல்வியியல் பேராசிரியர் எட்னா மீட் கோல்சனுக்குமாக ஒரு வீட்டைத் தாமே வடிவமைத்துக் கட்டினார். ‘அசூரெஸ்ட் சவுத்’ என்பது அதன் பெயர். தட்டையான கூரை, வெண்மையான வழவழப்பான சுவர், வளைந்து திரும்பும் மூலை, வெளிச்சத்தை உள்ளே விட்டு உருவத்தை மறைக்கும் கண்ணாடிக் கட்டிகள், கூரைத் தளத்தில் குழாய்க் கம்பிக் கைப்பிடி என்று, ஐரோப்பாவில் அப்போது புதிதாகப் பரவியிருந்த நவீன பாணி முழுவதும் அதில் இருக்கிறது. உள்ளே துணிச்சலான நிறங்கள். பழைய தென்மாநில வீட்டின் உயரமான தூண்களோ முக்கோண முகப்போ அங்கே இல்லை. அடிமை முறையை நினைவூட்டும் அந்தப் பாணியை ஓர் ஆசிரியர் முற்றாக விலக்கிவிட்டு, வரப்போகும் காலத்தின் வடிவத்தைத் தமது வீட்டுக்குத் தேர்ந்துகொண்டார் என்றே நான் அதைப் படிக்கிறேன். 1993இல் வரலாற்றுச் சிறப்புமிக்க இடங்களின் தேசியப் பதிவேட்டில் அவ்வீடு இடம்பெற்றது. முன்னாள் மாணவர்களின் இல்லமாக அது தொடர்ந்து பயன்பட்டது.

கேள்வி: இவ்வளவு சிறப்பிருந்தும் இத்தகைய வீடுகள் பல சிதிலமடைந்து கிடப்பது ஏன்? பல்கலைக்கழகங்களின் அக்கறையின்மையா?

பதில்: அக்கறையின்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, முதல் காரணம் பணம். 1998இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, இத்தகைய 103 நிறுவனங்களில் 712 வரலாற்றுக் கட்டடங்களைக் கணக்கெடுத்து, அவற்றைச் சீரமைக்க 75.5 கோடி டாலர் தேவைப்படும் என மதிப்பிட்டது. பின்னர் 2023இல் கூட்டரசு 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி, அம்மாநிலங்களின் நிலக்கொடைக் கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு (வேளாண்மை, தொழிற்கல்விக்கென்று கூட்டரசுச் சட்டத்தின் ஆதரவு பெற்றவை) முந்தைய முப்பதாண்டுகளில் சேர வேண்டியிருந்து சேராத தொகை 1,200 கோடி டாலருக்கும் அதிகம் என்று சுட்டிக்காட்டியது. ஆய்வகத்துக்கும் மாணவர் உதவித்தொகைக்குமே நிதி தட்டுப்படும் நிர்வாகம், ஆளில்லாத மர வீட்டின் கூரையைக் கடைசியில்தான் கவனிக்கும். கூரை ஒழுகத் தொடங்கிவிட்டால் பூச்சு உதிர்ந்து, தரைப்பலகை மக்கி, சில ஆண்டுகளில் இடிப்பதே சிக்கனம் என்ற நிலை வந்துவிடுகிறது. எனவே கிடைக்கும் சிறு தொகையைக் கூரைக்கும் மழைநீர்க் குழாய்களுக்கும் முதலில் செலவிட்டு, அலங்கார வேலைகளைப் பின்னுக்குத் தள்ளுவதே சரியான வரிசை.

எல்லா வீட்டையும் அருங்காட்சியகமாக்கத் தேவையில்லை. அதற்கான பணமும் பார்வையாளரும் எங்கும் இருக்கப்போவதில்லை. டஸ்கிகீயின் ‘தி ஓக்ஸ்’ 1974இல் அமைக்கப்பட்ட தேசிய வரலாற்றுத் தலத்தின் பகுதியாக, தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் இருக்கிறது. அத்தகைய ஆதரவு மிகச் சில வீடுகளுக்கே கிட்டும். வாஷிங்டன் நகரின் ஹோவர்டு பல்கலைக்கழகம் வேறு வழியை நாடியது. அருகிலிருந்த லெட்ராய்ட் பார்க் பகுதியில் தன் வசம் பூட்டிக் கிடந்த பழைய வீடுகளை 1990களின் பிற்பகுதியில் சீரமைத்து, தன் ஊழியர்களும் பிறரும் வாங்கிக் குடியேற வழிசெய்தது. புதிதாக வேலைக்குச் சேரும் இளம் ஆசிரியருக்கு நியாயமான வாடகையில் இத்தகைய வீட்டைக் கொடுத்தால், பராமரிப்புக்கும் ஆள் கிடைக்கும். மாணவர் தட்டக்கூடிய கதவாகவும் அது மீண்டும் திறக்கும்.