மொடியூலைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

வணக்கம் சேர்,

உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கொஞ்சம் போதாமல் போனதால் பொறியியல் பீடம் கிடைக்கவில்லை. இப்போது யாழ்ப்பாணத்திலேயே ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறேன். முதல் பருவத்தில் ‘பொறியியல் அறிமுகம்’ என்ற பாடத்துக்குள் ஐந்து மொடியூல்கள்: கட்டமைப்பு, புரோகிராமிங், சூரிய மின்சாரம், நிலத்தடித் தண்ணீர், வேர்க்ஷொப். இரண்டைத் தெரிவு செய்ய வேண்டும். புள்ளி அள்ளிப் போடுகிற சேரிடம் போகச் சொல்கிறார்கள் சீனியர் அக்காமார். அப்பா புரோகிராமிங்தான் என்கிறார். வேர்க்ஷொப் வேண்டாம், கை வெட்டுப்படும் என்கிறா அம்மா. மொடியூலைப் பார்ப்பதா, படிப்பிக்கிற ஆளைப் பார்ப்பதா?

கோண்டாவிலிலிருந்து ஒரு மாணவி

*

அன்புள்ள தங்கைக்கு,

ஆளைப் பாரும். மொடியூல் பிறகு.

அறிமுகப் பாடத்தில் தொட்டுக்காட்டுகிற விசயங்கள் எல்லாம் திரும்ப வரும். விசைச் சமநிலை அடுத்தடுத்த பருவங்களில் வரும். புரோகிராமிங் கடைசி வருடம் வரைக்கும் விடாது. உம்முடைய அரைகுறைக் கணக்கை முன்னால் வைத்து, ‘இந்த எண் எங்கேயிருந்து வந்தது?’ என்று கேட்க ஓராள் வாய்ப்பதுதான் அரிது. 2014இல் கிளிநொச்சி அறிவியல் நகரில் தொடங்கிய யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் முதல் வருடம் எல்லாருக்கும் பொது, துறை பிரிவது அதற்குப் பிறகு. உமக்கோ முதல் பருவத்திலேயே தெரிவு கிடைத்திருக்கிறது.

ஆனால் ரியூசன் மாஸ்ரரைப் பிடித்த மாதிரிப் பிடிக்காதேயும். அந்தக் கலையில் நாங்கள் பழுத்தவர்கள். யாருடைய ஹோல் நிறைகிறது, யாரிடம் படித்த பிள்ளைக்கு மூன்று ஏ வந்தது என்று கோயில் வீதியிலேயே விசாரித்து முடித்துவிடுவோம். ரியூசனுக்கு அது சரி. பாஸ்ட் பேப்பர், புள்ளித்திட்டம், மூன்று மணித்தியாலம். சந்தேகமே மிஞ்சாமல் செய்வதுதான் அங்கே நல்ல மாஸ்ரரின் வேலை. பொறியியல் அறிமுகத்தில் சந்தேகத்தை உம்மிடமே விட்டுவைப்பவரைத் தேட வேண்டும்.

தண்ணீர் மொடியூலையே எடும். ‘கோப்பாயில் ஐந்து பேர் உள்ள வீடு, பின்னால் நாலு பரப்புத் தோட்டம், ஒரு கிணறு. ஒரு நாளைக்கு எவ்வளவு இறைக்கலாம்?’ என்று ஒரு கேள்வி வருகிறது என்று வையும். இணைந்த கணிதத்தில் பழகின கை உடனே தரவைத் தேடும். தரவு இல்லை. எங்கள் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரைப்போல ஏறக்குறைய 1.025 மடங்கு. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. இறைத்து இறைத்து மேலே ஓரடி இறங்கினால் அடியில் உப்பு எவ்வளவு ஏறும் என்று போட்டுப் பாரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்று சின்ன வகுப்பில் படித்திருப்பீர். அதற்குப் பின்னால் இருப்பதும் இந்த அடர்த்திக் கணக்குத்தான்.

நோட்ஸ் சொல்லுகிறவர் சூத்திரத்தைப் பலகையில் எழுதி, எண்ணைப் போடச் சொல்லி, மணியடிக்க முதல் முடித்துவிடுவார். மற்றவர் கயிறும், தண்ணீரின் உப்பை அறிய மின்கடத்துதிறன் மானியும் தந்து, விடிய மோட்டர் போட முதல் ஒரு தரம், இறைத்து முடிய ஒரு தரம் அளந்துவரச் சொல்லுவார். பிறகு, அளவு ஏன் சூத்திரத்தோடு ஒத்துவரவில்லை என்று கேட்பார். சுண்ணக்கல்லில் வெடிப்பும் பொந்தும் உண்டு, தண்ணீர் சீராக நகராது என்பதை நீராகவே கண்டுபிடிக்கும் வரைக்கும் வாய் திறக்கமாட்டார். எரிச்சலாகத்தான் இருக்கும்.

இப்படிப்பட்டவரை எப்படி அறிவது? சீனியர்மாரிடம் புள்ளியைப் பற்றிக் கேட்காமல், அவர் திருத்திக் கொடுத்த அறிக்கை ஒன்றை வாங்கிப் பாரும். முன்பக்கத்தில் புள்ளி மட்டும் கிடந்தால் அநேகமாக அவர் வாசிக்கவில்லை. ஓரத்தில் கேள்வி, அலகு விட்ட இடத்தில் வட்டம், வரைபுக்குப் பக்கத்தில் ‘இந்தப் புள்ளியை ஏன் விட்டீர்?’ என்றெல்லாம் இருந்தால், புள்ளி குறைந்தாலும் அவரிடம் போம். வாரவிறுதியில் மட்டும் வருகிற வருகை விரிவுரையாளரா என்பதையும் அலுவலகத்தில் கேளும். கெட்டிக்காரர் பலர் அப்படி வருவதுண்டு. ஆனால் செவ்வாய்க்கிழமை கணக்கு இடறினால் சனி வரைக்கும் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவதற்கு வேர்க்ஷொப்பை எடும் என்பேன், அங்கே நிற்கிறவர் பொறுமைசாலி என்றால். உயர்தர பௌதிகவியல் செய்முறையில் வேணியர் இடுக்கிமானியால் 0.1 மில்லிமீற்றர் வரைக்கும் அளந்திருப்பீர். ஆரோ செய்து வைத்த கோளத்தை அளந்தீர். லேத் என்கிற கடைசல் இயந்திரத்தில் இருபது மில்லிமீற்றருக்கு ஒரு கம்பியை நீரே கடைந்து, அளந்தால் 19.8 காட்டும். வெட்டினதைத் திரும்ப ஒட்ட ஏலாது. இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று வரைபடத்தில் ஏன் எழுதுகிறார்கள் என்பது அப்போது விளங்கும். அம்மாவிடம் சொல்லும்: கண்ணாடி போட வேண்டும், தலைமயிரை இறுக்கிக் கட்ட வேண்டும், சால்வை கூடாது. பெடியளுக்கும் தொங்குகிற உடுப்பு கூடாதுதான்.

கேட்காத ஒன்று. இந்தப் பட்டத்துக்கு இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்தின் அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வையும். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014இல் முழு உறுப்பு நாடானது அந்த நிறுவனத்தின் ஊடாகத்தான். பிறகு கனடா, அவுஸ்திரேலியா என்று போக நினைத்தால் மொடியூலைவிட இது பெரிய விசயம்.

அப்பாவோடு சண்டை வேண்டாம். பாடத்திட்டத்தை வாங்கி, இரண்டாம் பருவத்தில் புரோகிராமிங் கட்டாயப் பாடமா என்று பாரும். அப்படியென்றால் அந்தப் பக்கத்தை அவருக்குக் காட்டினாலே போதும். இல்லையென்றால் வேர்க்ஷொப்பை விட்டு அதையே இரண்டாவதாக எடும்.